பயணத்துக்கும் இரவுப் பயிற்சிக்கும் ஒரு சிறிய கிற்றார்

எலெக்ரோ அக்கூஸ்ரிக் கிற்றார் தன் மரப்பெட்டியாலேயே ஒலிக்கும். தேவைப்பட்டால் வயர் செருகி அம்பிலோ ஒலிபெருக்கியிலோ கேட்கவும் முடியும். இதன் சிறிய வடிவங்கள் பெரும்பாலும் 33 முதல் 37 அங்குல நீளத்துக்குள் வருகின்றன. கடைகளில் வழமையாகத் தொங்கும் முழு அளவுக் கிற்றார் ஏறத்தாழ 41 அங்குலம். அரை அடி வித்தியாசம் கடைக்குள் பெரிதாகத் தெரியாது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் நெரிசலான பஸ்ஸில் நன்றாகவே தெரியும்.

வன்னியில் கிற்றாரோடு பயணம் என்றால் முதலில் பஸ், அடுத்தது மோட்டார் சைக்கிள், அதற்குப் பிறகுதான் ரயில். 1990 இல் நின்றுபோன வடக்கு ரயில் சேவை 2013 செப்ரெம்பர் 14 இல் மீண்டும் கிளிநொச்சியைத் தொட்டது. 2014 ஒக்ரோபர் 13 இல் யாழ்ப்பாணம் வரை போனது. ஆகவே வவுனியா, கிளிநொச்சி ஆட்களுக்கு ரயிலில் தலைக்கு மேலே பொருள் வைக்கும் தட்டாவது உண்டு. முல்லைத்தீவு நகரத்துக்கு ரயில் கிடையாது. மாங்குளத்தில் இறங்கி ஏ34 வீதியால் பஸ் பிடிக்க வேண்டும். அந்த பஸ்ஸில் முழு அளவுக் கிற்றாருக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் சாரதிக்குப் பக்கத்தில் உள்ள எஞ்சின் மூடிதான். கிற்றாருக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. மரத்தை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும். தந்திகள் இழுக்கும் இழுவையில், அவற்றைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் மெல்ல மெல்லக் கிளம்பும். 34 அங்குலக் கிற்றாரை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். மோட்டார் சைக்கிளிலும் இதே கதைதான். முதுகில் மாட்டிய நீளக் கிற்றாரின் தலை ஓட்டுபவரின் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். காற்றும் பிடிக்கும், ஒழுங்கை வேலியில் சாய்ந்த கிளைகளும் தட்டும்.

வாங்கப் போகிறவர் முதலில் ஒரு விடயத்தைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். பயணம் ஒரு தேவை, சத்தமில்லாத பயிற்சி இன்னொரு தேவை. இரண்டையும் ஒரே கிற்றார் தீர்த்துவிடும் என்று நம்பித்தான் பலர் காசைக் கொடுக்கிறார்கள். தந்தியின் ஒலியை மின்சாரமாக்கும் பிக்கப் இருக்கிறது, வயர் செருகலாம், எனவே ஹெட்போனில் கேட்டுக்கொண்டு ஒருவருக்கும் கேட்காமல் வாசிக்கலாம் என்பது அந்த நம்பிக்கை. அது நடக்காது. வயர் செருகினாலும் மரப்பெட்டி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பிக்கப் சத்தத்தைக் கூட்ட மட்டுமே வந்தது, குறைக்க வந்ததல்ல.

தந்தியின் நீளம்

நெக்கின் தலையில் உள்ள நட்டிலிருந்து பிரிட்ஜில் உள்ள சாடில் வரை, தந்தி ஒலிக்கும் நீளம்தான் கிற்றாரின் உண்மையான அளவு. முழு அளவுக் கிற்றாரில் இது 25.4, 25.5 அங்குலம். ரெய்லர் ஜீ.எஸ். மினியில் 23.5, லிற்றில் மார்ட்டினில் 23, பேபி ரெய்லரில் 22.75 அங்குலம். ஒரே தடிப்புள்ள தந்தியை ஒரே சுருதிக்கு முறுக்கினால் அதன் இழுவை இந்த நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 25.5 அங்குலத்திலிருந்து 23 அங்குலத்துக்கு இறங்கும்போது இழுவை ஏறத்தாழ 19 வீதம் குறைகிறது. தொடங்கும் பிள்ளையின் விரல் நுனிக்கு இது பெரிய ஆறுதல். நட்டிலிருந்து முதலாவது பிரெற் கம்பி வரையான தூரமும் 36 மில்லிமீற்றரிலிருந்து 33 ஆகச் சுருங்குகிறது. எஃப் கோர்ட் பிடிக்க முடியாமல் கிற்றாரை மூலையில் சாத்திவிட்ட பிள்ளைகள் பலருக்கு அந்த 3 மில்லிமீற்றரே போதுமாக இருந்திருக்கும்.

இழுவை குறைவதால் நட்டமும் உண்டு. மெல்லிய தந்தி போட்டால் தளர்ந்து, பிரெற்றில் உரசி இரையும். அதனால்தான் ரெய்லர் நிறுவனம் ஜீ.எஸ். மினிக்கு 0.013 அங்குலத்தில் தொடங்கும் தடித்த தந்தித் தொகுதியைப் போட்டு அனுப்புகிறது. முழு அளவுக் கிற்றாருக்கு வழமையாகப் போடும் 0.012 தொகுதியைச் சிறியதில் போட்டாலும் வாசிக்கலாம், 0.010 வேண்டாம்.

கர்நாடக சங்கீதம் படித்துவிட்டு கிற்றாருக்கு வருபவர்கள் இந்த இடத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பாடுபவரின் கட்டைக்கு ஏற்றபடி தந்திகளை இறக்கிச் சுருதி கூட்டும் பழக்கம் அவர்களிடம் இருக்கும். குறுகிய கிற்றாரில் ஒரு சுரம் இறக்கினாலே கீழ்த்தந்தி துணிபோலத் தொய்ந்துவிடும். மேலே ஏற்றுவதற்கு நெக்கில் கவ்வும் கபோ இருக்கிறது, இறக்குவதற்கு வழியில்லை. ஒரு கட்டை ஆண் குரலுக்கும் ஐந்து கட்டைப் பெண் குரலுக்கும் பக்கத்தில் இருந்து வாசிக்க நினைப்பவர், கிற்றாரைச் சாதாரணச் சுருதியிலேயே வைத்துக்கொண்டு கபோவாலும் கோர்ட் மாற்றத்தாலும் சமாளிக்கப் பழகுவது நல்லது.

மாரியும் கச்சானும்

கிற்றார் செய்பவர்கள் விரும்பும் காற்றின் ஈரப்பதன் 45 முதல் 55 வீதம் வரை. வன்னியில் அப்படி ஒரு காற்று வருடம் முழுக்க வீசுவதில்லை. ஒக்ரோபரில் தொடங்கும் மாரி ஜனவரி வரை இழுக்கும். வாடையோடு வரும் ஈரத்தைத் திட மரம் குடித்து வீங்கும். கிற்றாரின் மேற்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு வைத்து, தந்திகள் உயர்ந்து, நேற்று இலகுவாகப் பிடித்த கோர்ட் இன்று விரலை அறுக்கும். மே மாதத்துக்குப் பிறகு கச்சான் காற்று வீசும்போது கதை தலைகீழாகிறது. மரம் சுருங்கி, பிரெற் கம்பிகளின் நுனிகள் நெக்கின் ஓரத்தில் வெளியே தள்ளும். உள்ளங்கையை நெக்கில் மேலும் கீழும் உரசினால் ரம்பம் போலத் தட்டுப்படும். அதற்கு மேலும் காய்ந்தால் மேற்பலகை வெடிக்கும்.

குளிரூட்டிய அறையும் ஈரப்பதன் பெட்டியும் இல்லாத வீட்டுக்கு முழுத் திட மரக் கிற்றார் பொருத்தமில்லை. அதன் ஓசை நல்லது, வயது ஏற ஏற இன்னும் நன்றாகும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் தகரக் கூரையின் கீழே இரண்டு கோடையைக் கடக்க வேண்டிய கிற்றாருக்கு ஒட்டுப்பலகையே பாதுகாப்பு. மெல்லிய மரத்தாள்களை நார் குறுக்கும் மறுக்குமாக வரும்படி ஒட்டுவதால் அது ஒரு பக்கமாக விரியவோ சுருங்கவோ முடிவதில்லை. நடுவழி ஒன்றும் உண்டு: மேற்பலகை மட்டும் திட ஸ்ப்ரூஸ், பக்கமும் முதுகும் ஒட்டுப்பலகை. வவுனியா, கிளிநொச்சி நகர வீடுகளுக்கு இது சரிப்படும். லிற்றில் மார்ட்டின் எல்.எக்ஸ்.1.இ. இப்படியானதே, அதன் பக்கமும் முதுகும் சமையலறை மேசைகளுக்குப் போடுவதைப் போன்ற, தாளையும் பிசினையும் அழுத்திச் செய்த தகடு. சொல்லும்போது மட்டமாகத் தோன்றும் அந்தப் பொருள்தான் மாரிக்கு அசையாமல் நிற்கிறது.

முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் இருப்பவருக்கு மரத்தைவிடத் தந்திதான் பெரிய தொல்லை. உப்புக் காற்றில் வெண்கலத் தந்தி சில வாரங்களிலேயே கறுத்து, ஓசை மந்தமாகிவிடும். எலிக்ஸர் நிறுவனம் 1997 இல் கொண்டுவந்த, மேற்பூச்சுப் பூசிய தந்திகள் விலை கூட. இருந்தாலும் கடற்கரையில் அந்தக் காசு வீண் போகாது. வாசித்து முடிந்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைப்பது எந்தத் தந்தியின் ஆயுளையும் நீட்டும். மரம் என்ற பிரச்சினையே வேண்டாம் என்பவருக்குக் காபன் நார் கலந்த கிற்றார்கள் வந்துவிட்டன. 35 அங்குல என்யா நோவா கோ அவற்றில் ஒன்று. ஈரமும் வெயிலும் அதை அசைப்பதில்லை. மரத்தின் இளஞ்சூடான ஓசையை எதிர்பார்த்து வாங்கினால் மட்டும் ஏமாற்றம்.

பிக்கப், பற்றரி

சிறிய கிற்றார்களில் பெரும்பாலும் இருப்பது சாடிலுக்குக் கீழே படுத்திருக்கும் பியஸோ பட்டி. அழுத்தினால் மின்சாரம் தரும் சில படிகங்களின் இந்தக் குணத்தை 1880 இல் பியர் கியூரியும் அவருடைய தமையன் ஜாக் கியூரியும் கண்டறிந்தார்கள். அந்தப் பட்டி தரும் மின்சாரம் மிகச் சிறியது. அதைத் தூக்கிவிட கிற்றாரின் பக்கத்தில் ஒரு சிறிய பிரீ அம்ப் பொருத்தியிருப்பார்கள். அதற்குப் பற்றரி வேண்டும்.

எந்தப் பற்றரி என்பதைக் கடையிலேயே மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். சிலவற்றுக்கு 9 வோல்ற் சதுரப் பற்றரி, சிலவற்றுக்குப் பென் ரோர்ச் பற்றரி, இன்னும் சிலவற்றுக்கு நாணய வடிவப் பற்றரி. ஞாயிறு காலைத் திருப்பலி தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ எந்தக் கடையில் எது கிடைக்கும் என்பதை யோசித்தால் தெரிவு தானாக வரும். பென் ரோர்ச் பற்றரி எந்தச் சில்லறைக் கடையிலும் உண்டு. மற்ற இரண்டில் ஒன்றுதான் வாய்த்தது என்றால் பையில் எப்போதும் மேலதிகமாக ஒன்று இருக்கட்டும். இன்னொன்று: பிரீ அம்ப்புக்குத் தனி சுவிட்ச் பெரும்பாலும் இருப்பதில்லை. வயரைச் செருகுவதுதான் சுவிட்ச். வாசித்து முடிந்து வயரைக் கழற்றாமல் விட்டால் பற்றரி வீணாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

பிரீ அம்ப்பில் ரியூனர் சேர்ந்தே வந்தால் நல்லது. கைத்தொலைபேசி ரியூனர் அறைக்குள் வேலை செய்யும். பாடகர் குழாமும் கீபோர்டும் சுற்றியிருக்கும் இடத்தில் அதன் மைக் எல்லாச் சத்தத்தையும் சேர்த்தே கேட்டுக் குழம்பிவிடும். சாடிலிலிருந்து நேரே கேட்கும் ரியூனருக்கு அந்தக் குழப்பம் இல்லை.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்ற கேள்வியும் இங்கே நியாயமானது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ரோலன்ட் மைக்ரோ கியூப், மொபைல் ஏ.சி. போன்ற சிறிய அம்ப்கள் 6 பென் ரோர்ச் பற்றரியில் ஓடும். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குப் போய்க் காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்குபவர்கள் மாலையில் கூடிப் பாட இது தாராளம்.

சத்தமில்லாமல்

இந்திய வீட்டுத் திட்டத்தில் வன்னியில் கட்டப்பட்ட வீடுகளின் பரப்பு 550 சதுர அடி. சீலிங் அடிக்காத வீட்டில் ஓர் அறையில் தட்டிய தந்தி கூரைக்குக் கீழால் மற்ற அறைக்குப் போய்விடும். அந்த அறையில் ஏ.எல். படிக்கும் பிள்ளை இருக்கலாம், இரவு வேலை முடித்து வந்து படுத்தவர் இருக்கலாம். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்களுக்கு வந்திருப்பவர்களுக்கும், பம்பைமடுவில் 2021 ஓகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களுக்கும் விடுதி அறையில் இதே நிலைதான்.

செலவில்லாத வழி, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பொஞ்ச் செருகுவது. சத்தம் பாதிக்கும் கீழே போகும். சுரம் நீளாமல் உடனே அடங்கும். கோர்ட் மாற்றம், தாளம், விரல் ஓட்டம் பழக இது போதும். சுரத்தின் நீளத்தைக் கேட்டுப் பழக வேண்டியவருக்குப் போதாது. பிக்கை வைத்துவிட்டுப் பெருவிரல் சதையால் மீட்டினாலும் சத்தம் நன்றாகக் குறையும். நைலோன் தந்திக் கிற்றார் இயல்பிலேயே மென்மையானது. யமஹா கிற்றலேலே போன்றவை 433 மில்லிமீற்றர் தந்தி நீளத்தோடு யுகலேலே அளவில் வருகின்றன. ஆனால் சாதாரணக் கிற்றாரைவிட ஐந்து அரைச்சுரம் மேலே சுருதி கூட்டியிருக்கும். நைலோனுக்குச் செய்த கிற்றாரில் இரும்புத் தந்தி போடவே கூடாது. அந்த இழுவையில் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

உண்மையான அமைதி வேண்டுமானால் மரப்பெட்டியே இருக்கக் கூடாது. யமஹா தன் சைலன்ட் கிற்றாரை 2001 இல் கொண்டுவந்தது இதற்காகவே. எஸ்.எல்.ஜி.200 வகையில் உடம்புக்குப் பதில் ஒரு மெல்லிய சட்டம் மட்டும் உண்டு, அதன் ஒரு பக்கத்தைக் கழற்றியும் வைக்கலாம். ஹெட்போனை நேரே செருகலாம், 2 பென் ரோர்ச் பற்றரி போதும், தந்தியின் நீளமும் முழு அளவு. பயணத்துக்கும் அமைதிக்கும் சேர்த்து ஒன்று கேட்டால் அதற்கு மிகக் கிட்ட வருவது இதுதான். விலைதான் தடை. அதோடு, வயர் இல்லாமல் மடுவிலோ பள்ளிக்கூட மண்டபத்திலோ அதை ஒருவரும் கேட்க முடியாது.

அமைதிதான் முதல் தேவை, கையில் காசு குறைவு என்றால் மலிவான எலெக்ரிக் கிற்றார் ஒன்றும் வொக்ஸ் அம்ப்ளக் போன்ற, 2 சிறிய பற்றரியில் ஓடி ஹெட்போனுக்குச் சத்தம் தரும் கருவி ஒன்றும் நேர்மையான தீர்வு. கிற்றாரின் ஜக்கில் ஹெட்போனை நேரே செருகினால் ஒழுங்காகக் கேட்காது. இடையில் அப்படியொன்று வேண்டும். ஹெட்போன் வயருள்ளதாக இருக்க வேண்டும். புளூரூத்தில் சத்தம் காதுக்கு வந்து சேரப் பிந்தும். பாட்டுக் கேட்க அது தடையில்லை, தாளம் பழகுபவரை முழுதாகக் கெடுத்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வருவது

வன்னியில் நல்ல கிற்றார் ஒன்று கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த மாமாவின் கையோடு வந்ததாகவே இருக்கும். வரும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. 34 அங்குலக் கிற்றாரும் விமானங்களின் வழமையான கைப்பை அளவுக்குள் அடங்காது. அமெரிக்காவில் 2015 முதல் உள்ள விதிப்படி இடம் இருந்தால் சிறிய வாத்தியத்தை விமானத்துக்குள் ஏற்றவேண்டும். மற்ற நாட்டு விமானங்களில் முன்கூட்டிக் கேட்டு வைக்க வேண்டும். அடுத்தது மரம். ரோஸ்வுட் வகைகள் 2017 ஜனவரியில் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது, பிரேசில் ரோஸ்வுட் தவிர. பழைய கிற்றாரைக் கொண்டுவருபவர் எந்த ரோஸ்வுட் என்று தெரிந்துகொண்டு புறப்படட்டும்.

பயணக் கிற்றார் என்றதும் வெளிநாட்டு உறவினர் மார்ட்டின் பக்பக்கரையும் நினைக்கலாம். 1992 இல் வந்த அது 1994 இல் கொலம்பியா விண்கலத்தில் விண்வெளிக்கே போய் வந்தது. துடுப்புப் போன்ற அதன் ஒடுங்கிய உடம்பு தொடையில் நில்லாது, ஓசையும் மெலிவு. பாடகர் குழாமுக்கு அது உதவாது.

கடையில்

யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ கொழும்பிலோ வாங்கினாலும் கடையில் இருந்து வாசித்துப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. 1960களின் கடைசிப் பகுதியிலிருந்து நித்தி கனகரத்தினம் போன்றோர் கிற்றாரோடு பரப்பிய ஈழத்துப் பொப்பிசையின் 6/8 தாளம் இதற்கு நல்ல சோதனை. வலுவாக அடித்துப் பார்த்தால் சிறிய பெட்டியின் கீழ்ச்சுரங்கள் எவ்வளவு தாங்குகின்றன, எந்தத் தந்தி பிரெற்றில் இரைகிறது என்பது இரண்டு நிமிடத்தில் வெளிப்படும். பிறகு வயர் செருகி ஆறு தந்தியையும் ஒவ்வொன்றாக மீட்ட வேண்டும். ஒன்று மட்டும் மெலிவாகக் கேட்டால் சாடில் பியஸோவில் சரியாகப் படியவில்லை. வயரைப் பிடித்து ஜக்கை மெல்ல ஆட்டும்போது கரகரத்தால் அந்தக் கிற்றாரை விட்டுவிடலாம். நெக்கை நிமிர்த்தும் அலன் சாவி பெட்டியில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்; மாரிக்கும் கோடைக்கும் இடையில் அது கட்டாயம் தேவைப்படும். பை குறைந்தது ஒரு விரல் தடிப்புப் பஞ்சு வைத்ததாகவும் மேலே மழை உறை போடக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

வன்னியில் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது 23 அங்குலம் சுற்றியுள்ள தந்தி நீளமும், ஒட்டுப்பலகைப் பக்கமும் முதுகும், ரியூனரோடு கூடிய பிரீ அம்ப்பும் உள்ள கிற்றார். இரவுப் பயிற்சிக்கு அதன் தந்திகளுக்கு அடியில் ஸ்பொஞ்ச் துண்டு. அதுவும் போதாத வீட்டுக்கு எலெக்ரிக் கிற்றாரும் வயருள்ள ஹெட்போனும். பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் விலையைப் பேச முன் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் முதலாவது பிரெற்றில் எஃப் கோர்ட் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். கை எட்டாத கிற்றாரை எந்த விலைக்குத் தந்தாலும் எடுக்க வேண்டாம்.